பயம் சொல்லச் சொல்ல எழுதியது

பம்பாயில் சிஞ்ச்போக்ளி, பைகுல்லா ஸ்டேஷன்களுக்கு நடுவில் வண்டி நின்றபோதுதான், நான் செத்துவிடப் போகிறேன் என்று முதல் தடவையாக நினைத்தேன். யுத்த காலம். நாற்பத்து மூன்றா, நாற்பத்து நான்கா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நல்ல மழை பெய்துகொண்டிருந்தது மட்டும் நினைவிருக்கிறது. பெண்கள் பெட்டியில் ஜன்னல் ஷட்டர்களை எல்லாம் இறக்கிவிட்டிருந்தார்கள். நின்று இரண்டு நிமிஷம் ஆகியிருக்குமோ என்னவோ, என் இடது கை மரத்துக்கொண்டு வந்தது. நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தைப் பக்கத்தில் இருப்பவர்கள் பார்த்துவிடப் போகிறார்கள் என்று தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். காற்று உள்ளே போனது, ஆனால் போதவில்லை.

வண்டி கிளம்பி பைகுல்லாவில் நின்றதும் இறங்கிவிட்டேன். நான் போக வேண்டியது கடைசி ஸ்டேஷனான போரிபந்தர். பெஞ்சில் உட்கார்ந்தேன். மூன்று வண்டிகள் வந்து போயின. நான்காவதில் ஏறி, முக்கால் மணி நேரம் தாமதமாக ஆபீசுக்குப் போய், மழையால் தாமதம் என்று பொய் சொன்னேன்.

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. மாட்டுங்காவில் இரண்டு அறை வீடு. பாலக்காட்டிலிருந்து என் அப்பா பம்பாய்க்கு வந்து மில் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவர். கண்ணில் நீர் அழுத்தம் ஏறிப் பார்வை மங்கியதால் வேலையை விட்டுவிட்டார். தெருமுனை இன்ஸ்டிடியூட்டில் நான் டைப்பும் சுருக்கெழுத்தும் படித்து முடித்திருந்தேன். யுத்தத்துக்காகக் கோட்டைப் பகுதியில் திறந்திருந்த சர்க்கார் அலுவலகம் ஒன்றில் பெண்களையும் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் கட்டிடத்திலிருந்து வேலைக்குப் போன முதல் பெண் நான்தான். மாடிப்படியில் இறங்கும்போது ஒவ்வொரு மாடியிலும் கதவு லேசாகத் திறக்கும்.

அந்த வண்டிக்கு முன்பே பயம் தொடங்கிவிட்டது என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஒரு கடிதத்தை அடித்து முடித்தால் ஏழு தடவை படிப்பேன். கையெழுத்தாகி ப்யூன் தபால் பையில் போட்ட பிறகு, அவனிடம் போய், "ஒரு தடவை காட்டு பாயீ" என்று கெஞ்சி வாங்கி மறுபடியும் படிப்பேன். சாயங்காலம் ஸ்டேஷன் வரை நடந்துவிட்டு, மெஷினுக்கு உறை போட்டேனா என்று பார்க்கத் திரும்பிப் போயிருக்கிறேன். உறை போட்டுத்தான் இருக்கும். நாள் முழுக்க உள்ளே ஒரு குரல் பேசிக்கொண்டே இருந்தது. அது என் குரல்தான். என்னைவிட வேகமாகப் பேசும். நீ தப்பு பண்ணியிருப்பே. இன்னிக்கு இல்லேன்னா நாளைக்குத் தெரியும். உன்னை எடுத்ததே தப்பு.

வண்டி நின்ற அந்த நாளுக்குப் பிறகு குரலுக்குப் புது விஷயம் கிடைத்துவிட்டது. தாதர் தாண்டும்போதே ஆரம்பிக்கும்: கை மரக்கறது பார். இன்னிக்கு நிஜமாவே மூச்சு நின்னுடும். எல்லாரும் பார்ப்பா.

தினமும் பைகுல்லாவில் இறங்கினேன். நேரத்துக்குப் போக வேண்டும் என்பதற்காக வீட்டை விட்டு ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பினேன்.

அம்மா என் தட்டைப் பார்த்துக் கண்டுபிடித்தாள். "என்னாக்கும் இது, சாதத்தைக் கிளறிண்டே இருக்கே? உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லேம்மா."

"ஒண்ணுமில்லாமயா கழுத்தெலும்பு இப்படித் துருத்திண்டு நிக்கறது? கண்ணு பட்டிருக்கு."

உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். டாக்டர் ரத்தம் குறைவு என்று கறுப்பாகக் கசப்பு டானிக் கொடுத்தார். குடித்தேன். என்ன நடக்கிறது என்று யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பைத்தியம் என்று நினைத்துவிடுவார்கள் என்று பயம். அதைவிட, நானே அப்படி நினைக்க ஆரம்பித்திருந்தேன். எங்கள் தூரத்து உறவில் ஒரு பெண்ணை ஒரு அறையில் வைத்துப் பூட்டியிருந்ததாகச் சிறுவயதில் கேட்டிருந்தேன். அவள் முகத்தை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் அந்த அறை எனக்குத் தெரியும் போலிருந்தது.

ஒருநாள் காலை பைகுல்லா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். குரல் ஓடிக்கொண்டிருந்தது. பையிலிருந்த சுருக்கெழுத்து நோட்டைக் கையில் எடுத்தேன். எதற்கு எடுத்தேன் என்று தெரியவில்லை. யாராவது வேகமாகப் பேசினால் பென்சில் தானாக ஓடும்படி கை பழகிப்போயிருந்தது. அது சொல்லச் சொல்ல எழுதினேன். இங்கிலீஷ் சுருக்கெழுத்துதான், ஆனால் அது ஒலியை எழுதுவதுதானே, தமிழுக்கும் ஒத்துவந்தது. 'ழ'வுக்கு மட்டும் கோடு கிடையாது. 'ல'வைக் கொஞ்சம் வளைத்துப் போட்டேன். வண்டி ஒன்று வந்து போவதற்குள் குரல் சொன்னதெல்லாம் தீர்ந்துவிட்டது.

எழுதியதைப் படித்துப் பார்த்தேன். அரைப் பக்கம்தான். அதில் "எல்லாரும் பார்ப்பா" என்பது மட்டும் நான்கு இடத்தில் இருந்தது. காலையிலிருந்து என்னைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது இவ்வளவுதானா என்று ஆச்சரியமாக இருந்தது. கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது.

அது ஒரு பழக்கமாகிவிட்டது. காலையில் எழுதுவேன். மறுநாள் அதற்குக் கீழே நடந்ததை ஒரு வரியில் எழுதுவேன். வண்டி நின்றது, கிளம்பியது. கை மரத்தது, மாட்டுங்கா காய்கறிக் கடைக்கு வருவதற்குள் சரியானது. பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் ஒரு மாதத்தில் பைகுல்லாவில் இறங்காமல் போரிபந்தர் வரை போக முடிந்தது. கதவோரம் கம்பியைப் பிடித்தபடிதான் நிற்பேன். உள்ளே இடமிருந்தாலும் போகமாட்டேன்.

பிறகு குரல் சொன்னது ஒருநாள் நிஜமாகவே நடந்தது.

துறைமுகக் கிடங்கில் கம்பளிப் பொதிகள் மழையில் நனைந்திருந்தன. பரிசோதனை முடியும்வரை அவற்றை வெளியே அனுப்பக் கூடாது என்று ஒரு கடிதம். முந்தின நாள் மாலை அதை அடித்தவள் நான். மறுநாள் காலை கோப்பில் பிரதியைச் சேர்க்கும்போது பார்த்தேன். 'கூடாது' இல்லை. இங்கிலீஷில் மூன்றே எழுத்துள்ள அந்த வார்த்தை விட்டுப்போய், அனுப்பும்படி கடிதம் போயிருந்தது. சுருக்கெழுத்து நோட்டைப் பார்த்தேன். அதில் கோடு தெளிவாக இருந்தது. ஏழு தடவை படித்தும் என் கண்ணில் படவில்லை.

பக்கத்து மெஷினில் இருந்த மராட்டிப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். பிரதியைப் படித்தாள்.

"ஜானே தோ," என்றாள் மெதுவாக, விட்டுத்தள்ளு என்று. பிறகு ஹிந்தியிலேயே, "சூப்பரின்டெண்ட் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கேட்டால் அவரைத்தான் கேட்பார்கள். நீ ஏன் வாயைத் திறக்கிறாய்?"

அவள் நல்லதுக்குத்தான் சொன்னாள். எனக்கு எழுந்து வெளியே போய், படியிறங்கி, ஸ்டேஷனுக்கு நடந்து, வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட வேண்டும் என்று இருந்தது. வாசல் வரை போனேன். அங்கே நின்றேன். ஈரக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு எங்கோ யாரோ படுத்திருப்பது போல ஒரு காட்சி வந்தது. குரல் கொண்டுவந்ததா, நிஜமாகவே என் மனசுதானா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. திரும்பி சூப்பரின்டெண்ட் அறைக்குப் போனேன்.

அவர் தஞ்சாவூர்க்காரர். ஆபீஸ் முழுக்க அவருக்கு நடுங்கும். நான் காகிதத்தை மேஜையில் வைத்து, விட்டுப்போன இடத்தில் விரலை வைத்தேன்.

படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இது எப்போ போச்சு?"

"நேத்து சாயங்காலம் தபால்ல, ஸார்."

"யார் கண்டுபிடிச்சா?"

"நான்தான்."

"நீ அடிச்சது, நீயே கண்டுபிடிச்சயாக்கும்." டெலிபோனை எடுத்தார். கிடங்கு கிடைக்க வெகுநேரம் பிடித்தது. நான் நின்றுகொண்டே இருந்தேன். பாதிப் பொதிகள் காலையிலேயே லாரியில் ஏறி ரயிலடிக்குப் போய்விட்டன என்று தெரிந்தது. நிறுத்தச் சொன்னார். பிறகு வெள்ளைக்கார அதிகாரியின் அறைக்குப் போக எழுந்தார். கதவைத் தட்டுவதற்கு முன்னால் உள்ளங்கையைக் கால்சட்டையில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டார். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

உள்ளே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்தபோது அவர் காது சிவந்திருந்தது.

"ஏம்மா, உனக்கு ஒரு மெமோ குடுக்கணும். கடுமையான கவனக்குறைவுன்னு. நோட்டை எடு."

"ஸார்?"

"வேற யார் இருக்கா? நீதான் எடுக்கணும். தப்பில்லாம அடி."

எனக்கு வந்த எச்சரிக்கையை அவர் சொல்ல, நானே எழுதிக்கொண்டேன். மெஷினில் காகிதத்தைச் செருகி அடித்தேன். மூன்று பிரதி. ஏழு தடவை படிக்கத் தெம்பில்லை. ஒரே தடவை படித்துவிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டு ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"போ, சாப்பிட்டுட்டு வா. மணி ஒண்ணரை ஆயிடுத்து."

அவ்வளவுதான். ஒரு வருஷமாக நான் நடுங்கிக்கொண்டிருந்தது ஒரு காலை நேரத்தில் நடந்து முடிந்துவிட்டது. பொதிகள் மறுநாள் கிடங்குக்குத் திரும்பின. என் வேலை போகவில்லை. வீட்டில் சொன்னதும் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "வேலை போயிடுமோ? தெருவெல்லாம் தெரிஞ்சுடுமே. இனிமே உன்னை யார் எடுப்பா?" என்று வரிசையாகக் கேட்டாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வேகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். அவளுக்குள் இது எத்தனை வருஷமாக ஓடுகிறது என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. "சாதம் போடும்மா, பசிக்கறது," என்றேன். நிஜமாகவே பசித்தது.

அதோடு பயம் தீர்ந்ததா என்று என் பெண் ஒருமுறை கேட்டாள். தீரவில்லை. இடம் மாறியது. யுத்தம் முடிந்து அந்த அலுவலகத்தை மூடினார்கள். அடுத்த வேலை பல்லார்ட் எஸ்டேட் பக்கம், ஐந்தாவது மாடி. இரும்புக் கம்பிக் கதவு போட்ட லிப்ட். மூன்று வாரம் படியேறினேன். நான்காவது வாரம் ஒரு திங்கட்கிழமை உள்ளே போய் நின்றேன். கம்பிக் கதவு இழுபட்டு மூடியது. லிப்ட்காரர் எந்த மாடி என்று கேட்டார். எனக்குக் குரல் வரவில்லை. ஐந்து விரலையும் விரித்துக் காட்டினேன்.