அறுந்த நாடா

வெவ்வேறு பிராசஸர்களில் ஓடிய பழைய கம்ப்யூட்டர்களை என் லேப்டாப்புக்குள் ஓடவைக்கும் எமுலேட்டர் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்று தேவாரம் ஊரில் அம்மா வீட்டில் அதைச் சோதிக்க, பழைய டேப் ரிக்கார்டரை லேப்டாப்போடு இணைத்து, அம்மாவின் பீரோவில் கிடந்த பெயரில்லாத கேசட்டைப் போட்டேன். கிறீச்சென்று இரைச்சல் கிளம்பியதும் எனக்குப் பத்து வயதாகிவிட்டது.

துபாயிலிருந்து அப்பா கொண்டுவந்த கம்ப்யூட்டரை டிவியோடு இணைக்க வேண்டும். எழுதிய புரோகிராமைக் கேசட்டில் இரைச்சலாகச் சேமிக்க வேண்டும். திரும்பிப் போனபின் அப்பா தன் குரலையும் கேசட்டில்தான் பதிந்து அனுப்புவார். திராட்சைத் தோட்டத்து மருந்து வாடையோடு வரும் அம்மா, கை கழுவிவிட்டு டேப் ரிக்கார்டர் முன்னால் உட்காருவாள். அப்பா அங்கேயே இறந்த பிறகும் உட்கார்ந்தாள்.

அவருடைய கடைசிக் கேசட்டை வெற்றுக் கேசட் என்று நினைத்து, அதன்மேல் என் பாம்பு விளையாட்டை அடுத்தடுத்து இரண்டு தடவை பதிந்துவிட்டேன். பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவின் குரலைக் கேட்க வந்த சித்தப்பாவிடம் அம்மா, "நாடா அந்துபோச்சு தம்பி" என்றாள். நான் செய்தது அவளுக்குத் தெரியும் முன்பே அறுந்துவிட்டது, தப்பித்தேன் என்று நினைத்தேன்.

இப்போது திரையில் அதே பாம்பு ஊர்ந்தது. நாடா அறுந்ததே இல்லை.

முதல் பதிவிலேயே விளையாட்டு லேப்டாப்பில் ஏறிவிட்டதால், இன்னும் இரைந்துகொண்டிருந்த டேப்பை நிறுத்தக் கை நீட்டினேன். அடுப்படியிலிருந்து அம்மா ஓடிவந்தாள்.

"நிப்பாட்டிறாத ஆத்தா. நீ பள்ளிக்கூடம் போனப்புறம் தெனமும் கேப்பேன். இந்த இரைச்சல் முடியட்டும், கடைசில அவுக ரெண்டு வார்த்தை பேசுவாக."