பால் சொட்டும் நேரத்தில் பேசினேன்

மேடைப் பேச்சு என்றாலே எனக்கு அலுப்புதான் நினைவுக்கு வரும். என் அலுப்பல்ல, அஞ்சலை அத்தையின் அலுப்பு.

அப்போது மலேசியாவில் கோத்தா திங்கி பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். காலையில் அம்மாவோடு பால் மரம் சீவப் போவேன். மதியம் தோட்டப் பள்ளிக்கூடம். பொங்கலுக்குப் பேச்சுப் போட்டி வைத்தார்கள். என் தலைப்பு உழைப்பின் உயர்வு.

மரங்களைச் சீவி முடித்ததும், பால் சொட்டி, மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணங்கள் நிறையும்வரை கொஞ்ச நேரம் ஓய்வு. எல்லாரும் மரத்தடியில் கண்ணை மூடுவார்கள். நான் அந்த நேரம் பார்த்துத் தொண்டை கிழியப் பேசிப் பழகினேன். ஒரு மாதம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ரசிக்கிறார்கள் என்றே நினைத்தேன்.

போட்டியன்று பாதியில் மறந்துபோய் விழித்தேன். கூட்டத்திலிருந்து அலுப்பான ஒரு குரல் அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தது: "உழைப்பவரின் களைப்பை உலகம் உணர வேண்டும்."

பக்கத்து நிரையில் மரம் சீவும் அஞ்சலை அத்தை. பள்ளிக்கூடமே போகாதவர். ஒருவழியாகப் பேசி முடித்து அவரிடம் ஓடினேன்.

"எப்படி அத்தை மனப்பாடமா சொல்றீங்க?"

"ஒரு மாசமா தூங்க விட்டியா புள்ள நீ?"

கோபமே இல்லை. அசதிதான்.

மறுநாள் பால் சொட்டும் நேரத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

"இன்னிக்குப் பேச்சு இல்லியா?" கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"இல்ல அத்தை. தூங்குங்க."

நான் சொல்லி முடிப்பதற்குள் தூங்கிப்போனார்.

பிறகு எத்தனையோ மேடை ஏறிவிட்டேன். கேட்டவருக்கு உதவியது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய என் பேச்சு அந்த மூன்று சொல்தான்.