கல்யாணப் படத்தை வெட்டக் கொடுத்தவன்

கோபித்துக்கொண்டு பெருந்துறையில் அம்மா வீட்டுக்குப் போன மனைவிக்குக் கல்யாணப் படத்தைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்பிய முட்டாளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான்தான் அது.

விருந்தாளிகள் முன்னால் அவள் சமையலைக் கிண்டலடித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் பெட்டியைக் கட்டினாள்.

சமாதானப் பரிசாக அந்தப் படத்தை, துண்டுகளைக் கோத்துச் சேர்க்கும் ஜிக்சா புதிராக்கலாம் என்று பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பட்டறைக்குப் போனேன். பலகையில் வளைத்து வளைத்துப் பதித்த மெல்லிய கத்திகள். அட்டையில் ஒட்டிய படத்தின் மேல் அந்தப் பலகையை வைத்து ஒரே அழுத்து. வெளியே வந்த படம், வெட்டுப்பட்டதே தெரியாமல் முழுசாக நின்றது.

“இப்படியே குடுக்கட்டுங்களா, உதுத்துப் போடட்டுங்களா?” என்றார் பட்டறைக்காரர்.

“உதுத்துருங்க. அப்பத்தானுங்க சுவாரசியம்!”

கூரியர் போய்ச் சேர்ந்ததும் மாமனார் போன் செய்தார். “ஏனுங்க மாப்ள, எம் புள்ள வேண்டாம்னா வாயில சொல்லிப்போடலாமுங்களே. போட்டோவ வெட்டியா அனுப்போணும்?”

போனை வைத்தேன். உடனே பஸ் ஏறினேன். சிரிப்புக்கென்று நான் செய்வதெல்லாம் அவளுக்கு வெட்டாகத்தான் போய்ச் சேர்கிறதோ என்று அன்றுதான் முதன்முதலாகத் தோன்றியது.

அவள் தரையில் உட்கார்ந்து துண்டுகளைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். படத்தில் அவள் முகம் முழுசாகியிருந்தது. என் முகத்தின் நடுவில் ஓட்டை.

“தப்புத்தான் அம்மணி. ஊட்டுக்குப் போலாமா?”

அவள் நிமிரவில்லை.

“மொதல்ல உங்க மூக்கத் தேடுங்க.”