முதல் பக்கம் மட்டும்

இரண்டு ஓரங்களிலும் வரிசையாகத் துளையிட்ட தாள் அது. பழைய பிரிண்டர்களில் ஒன்றோடு ஒன்று ஒட்டி, மடிப்பு மடிப்பாக வந்துகொண்டே இருக்குமே, அந்த வகை. அச்சடித்து முடிந்ததும் குறுக்கே இருக்கும் சின்னத் துளைகளைப் பிடித்துக் கிழித்துக்கொள்ள வேண்டும். நான் கிழித்தது கொஞ்சம் கோணலாகப் போய், கீழ் மூலையில் பிசிறு நின்றது. பிரிண்டரின் மை ரிப்பன் காய்ந்திருந்ததால் எழுத்துகள் மங்கல். தாள் முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான். எப்படிப் படித்தாலும் ஒரு சொல் தேறாது. நர்சம்மா அதை நான்காக மடித்துத் தன் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். குப்பைக்கு இவ்வளவு மரியாதையா என்று நான் மனசுக்குள் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னைப் பிடிக்காமல் போகிறது.

அப்போது குடவாசலில் என் அண்ணனுடைய உரக்கடையை ஒட்டிய அறையில் கம்ப்யூட்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். யூரியா வாங்க வருபவர்கள், ஒரு பெண்பிள்ளை ஸ்க்ரூடிரைவரும் கையுமாக உட்கார்ந்திருப்பதை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். எனக்கு அதில் பெருமைதான். வீட்டுக்கு ஒரு பிள்ளை துபாய்க்கோ மஸ்கட்டுக்கோ சிங்கப்பூருக்கோ போய்க்கொண்டிருந்த காலம். போன பிள்ளை முதல் லீவில் வாங்கிப் போடுவது டிவியாக இருந்தது போய் கம்ப்யூட்டராக மாறியிருந்தது. நடவு நேரத்தில் எல்லா பம்புசெட்டும் ஒன்றாக ஓடும். வோல்டேஜ் இறங்கும். கம்ப்யூட்டர் அணைந்து அணைந்து எரியும். அதனால் எனக்கு வேலைக்குப் பஞ்சமே இருந்ததில்லை. டிப்ளமோவில் படித்தது பாதி, உடைத்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது பாதி. ஆனால் எல்லாம் தெரியும் என்ற நினைப்பு மட்டும் முழுசாக இருந்தது.

நர்சம்மா எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கெல்லாம் சுகாதார நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். தடுப்பூசிப் பெட்டியைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வாய்க்கால் கரையோரமாக வருவார். எனக்கும் என் அண்ணனுக்கும் ஊசி போட்டது அவர்தான். கணவர் சீக்கிரமே போய்விட்டார். ஒரே மகன், வளைகுடாவில் கட்டட வேலையில் இருந்தான். அங்கே சாரம் சரிந்து இறந்தான். திருச்சி விமான நிலையத்திலிருந்து பெட்டி வந்தது. அதைத் திறக்க வேண்டாம், திறந்தால் பார்க்கத் தாங்காது என்று கூட வந்தவர் சொன்னாராம். எத்தனையோ பிணங்களைப் பார்த்த நர்சம்மா, தன் மகனின் முகத்தைப் பார்க்காமலே கல்லறைக்கு அனுப்பினார். வருஷம் தவறாமல் வேளாங்கண்ணிக்குக் கொடியேற்றம் பார்க்கப் போகிறவர், அந்த வருஷம் போகவில்லை.

இதெல்லாம் நடந்து நான்கு மாதம் கழித்து மகனுடைய அறைத்தோழன் ஊருக்கு வந்தான். மகன் அங்கே இருந்தபோது எடுத்த போட்டோக்களை ஒரு பென் டிரைவில் கொண்டுவந்து, நர்சம்மா வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டியிருக்கிறான். நல்ல மனசு. ஆனால் போட்டோக்களோடு வைரசும் வந்தது. ஒரு வாரத்தில் கோப்புகளின் பெயர்கள் உருமாறின. பிறகு திரையே வரவில்லை. நர்சம்மா சிபியூவை ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பில் சுற்றி, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார்.

வைரஸ் என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, பக்கத்தில் இருக்கும் மற்ற கம்ப்யூட்டர்களுக்குத் தொற்றுமா என்பதுதான். தொற்றும் என்றேன். உடனே, தன்னுடையதைத் தனியாக அந்த மூலையில் வை என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. இதுபோல நூறு பார்த்திருக்கிறேன், கவலைப்படாதீர்கள் என்று அளந்துவிட்டேன். "ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்னு எங்க டாக்டர் சொல்லுவார். நீ நூறுலதான் இருக்கியா?" என்றார். மகன் செத்த வீட்டில் இருந்து வந்தவர் என்னைச் சிரிக்க வைத்தார். பிறகு முந்தானையால் சிபியூவின் மேலே இருந்த தூசியைத் துடைத்துக்கொண்டே வந்த விஷயத்தைச் சொன்னார்.

"போட்டோ வந்தா சந்தோஷம், வராட்டி போவுது. அவன் எனக்கு ஒண்ணு எழுதி வச்சிருக்கான் பாப்பா. அது எனக்கு வேணும்."

கடைசி லீவில் வந்தவனுக்குத் திரும்பிப் போக விருப்பமில்லை. வாயைத் திறந்து சொல்லவில்லை, சாப்பாட்டில் தெரிந்தது என்றார் நர்சம்மா. வீடு மேல்தளம் போடாமல் பாதியில் நின்றது. இன்னும் இரண்டே வருஷம் போய் வந்துவிடு என்று இவர்தான் சொல்லியிருக்கிறார். அவன் பதில் சொல்லவில்லை. அன்றிலிருந்து விமானம் ஏறும்வரை ஒரு வாரம், பூசாத சுவர்களுக்கு நடுவே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எதையோ தட்டிக்கொண்டே இருந்தானாம். என்னடா என்று கேட்டதற்கு, உங்களுக்குத்தான், நான் போன பிறகு படிங்க, எப்படித் திறப்பது என்று போனில் சொல்கிறேன் என்றானாம். போனில் சொல்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிள்ளை தன்மேல் கோபத்தோடு போனானா, இல்லையா? அது அவருக்குத் தெரிய வேண்டும். வேறு எதுவும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

ஹார்ட் டிஸ்கைக் கழற்றி என் கம்ப்யூட்டரோடு இணைத்தேன். மூன்று நாள் வேலை. போட்டோக்கள் பெரும்பாலும் வந்தன. மீட்கிற மென்பொருள் எழுத்துக் கோப்புகளையும் எடுத்துக் கொடுத்தது. ஆனால் பெயர் எல்லாம் போய், வெறும் எண்களாக. ஒவ்வொன்றாகத் திறந்தேன். சிலவற்றில் கட்டம் கட்டமாக வந்தது, சிலவற்றில் எந்த பாஷையிலும் இல்லாத குறிகள். ஒன்று மட்டும் நீளமானது, பத்துப் பன்னிரண்டு பக்கம். அதில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கலைந்து கிடந்தது. இதையும் வைரஸ் தின்றுவிட்டது என்று அரை நிமிஷத்தில் முடிவு கட்டினேன். அதில் சொற்களுக்கு நடுவே இடைவெளி இருந்தது. வரி முடிகிற இடத்தில் முற்றுப்புள்ளி இருந்தது. பத்தி பிரித்திருந்தது. குப்பைக்குப் பத்தி பிரிக்கத் தெரியுமா என்று கேட்டுக்கொள்ளும் புத்தி எனக்கு அன்று இல்லை.

நர்சம்மாவிடம் நேராகவே சொன்னேன். போட்டோ இருக்கிறது, பாட்டு இருக்கிறது, கடிதம் என்று படிக்கிற மாதிரி எதுவும் இல்லை, சில கோப்புகள் கெட்டுப்போய்க் கிடக்கின்றன, அவற்றை வைத்திருந்தால் மறுபடி வைரஸ் வரலாம் என்றேன்.  அவர் நர்சாகப் பேசினார். சீழ் வைத்த இடத்தை விட்டுவைக்கக் கூடாது, நல்ல சதை கொஞ்சம் போனாலும் பரவாயில்லை, சுத்தமாக எடுத்துவிடு என்றார். ஊசியைக் கொதிக்க வைப்பதுபோல இதைக் கொதிக்க வைக்க ஏதாவது உண்டா என்று கேட்டார். உண்டு என்று நான் உற்சாகமாகச் சொன்னேன். சாதாரணமாக அழித்தால் பெயர்தான் போகும், எழுதியது உள்ளேயே கிடக்கும், தேடினால் எடுத்துவிடலாம். டிஸ்க் முழுக்க வெறும் பூஜ்யமாக எழுதிவிட்டால் கடவுளே வந்தாலும் எடுக்க முடியாது. இதை ஒரு பாடம்போல அவருக்கு விளக்கினேன். அப்படியே செய்யச் சொன்னார்.

செய்வதற்கு முன் ஒன்று கேட்டார். "ஆபரேஷன் பண்ணினா, எடுத்ததை ட்ரேல வச்சு வீட்டுக்காரங்ககிட்ட காட்டுவாங்க. பாத்துட்டாதான் மனசு ஒத்துக்கும். நீயும் காட்டு."

அந்த நீளமான கோப்பைத் திறந்து திரையில் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். கையில் கொடு என்றார். முதல் பக்கம் மட்டும் என்று பிரிண்டருக்குக் கட்டளை கொடுத்தேன். ரிப்பன் தீர்ந்துகொண்டிருந்தது, எல்லாப் பக்கமும் எதற்கு? அது கீச்கீச்சென்று அச்சடித்து முடித்ததும் கிழித்துக் கொடுத்தேன். "அவ்வளவுதானா?" என்றார். மீதியும் இதே மாதிரிதான் என்றேன். போட்டோக்களையும் பாட்டுகளையும் சிடியில் எடுத்து வைத்துவிட்டு, டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதி முடிய மதியம் ஆயிற்று. அதுவரை பெஞ்சில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டினார். கிளம்பும்போது, "அப்ப எழுதலை போலருக்கு. எழுதுற மாதிரி உக்காந்திருந்தான்" என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. மறுபடியும் விரிப்பில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

செல்போன் வந்து என் தொழிலைத் தின்றது. கடையை மூடிவிட்டுக் கல்யாணம் ஆகித் தஞ்சாவூருக்கு வந்தேன். ஒரு அச்சகத்தில் போஸ்டர், கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் வேலை. அதுவரை நான் கம்ப்யூட்டரில் தமிழ் தட்டியதே கிடையாது. என் கடையின் பில்லும் ஆங்கிலத்தில்தான். சேர்ந்த இரண்டாம் வாரம், வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் தன் தாயாரின் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு வாசகத்தை மெயிலில் அனுப்பியிருந்தார். திறந்தேன். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கலைந்து கிடந்தது. கோப்பு கெட்டுப்போயிருக்கிறது, திரும்ப அனுப்பச் சொல்லுங்கள் என்று பக்கத்து மேசை அக்காவிடம் சொன்னேன். அவர் எட்டி, எல்லாவற்றையும் தேர்வு செய்து, ஃபான்ட் பட்டியலில் ஒரு பெயரை அமுக்கினார். முதல் வரியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று இருந்தது 'அம்மா' ஆயிற்று. "கெட்டுப்போகலம்மா. நம்ம சிஸ்டத்துல அந்த எழுத்து இல்லாட்டி இப்படித்தான் தெரியும்" என்றார்.

 நர்சம்மாவுக்கு நான் கிழித்துக் கொடுத்த தாளின் முதல் வரியும் அதேதான். எம், கே, அரைப்புள்ளி, கே, எச். நான் மறந்திருக்கவே இல்லை என்பது அந்த நிமிஷத்தில்தான் எனக்கே தெரிந்தது. அன்று டிஸ்கில் பூஜ்யம் எழுதியபோது என் கம்ப்யூட்டரில் இருந்த அந்தக் கோப்பின் நகலையும் சேர்த்துத் துடைத்தேன். கெட்டிக்காரியாயிற்றே, ஒன்றையும் விடவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். எனக்கு அது அடுத்தவர் கண்ணைக் கெடுத்துவிட்டுச் செய்த நமஸ்காரம்.

போகாமல் இருந்துவிடலாமா என்று இரண்டு மாதம் யோசித்தேன். ஏதோ ஒரு சமாதானத்துக்கு வந்திருப்பார், அதைக் கலைக்க வேண்டாம் என்று எனக்கு வசதியான நியாயம் ஒன்று இருந்தது. கடைசியில், எந்த விசை எந்தத் தமிழ் எழுத்து என்ற அட்டவணையைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். வீட்டின் மேல்தளம் இன்னும் போட்டிருக்கவில்லை. முளைத்து நின்ற கம்பிகள் துருப்பிடித்திருந்தன. நர்சம்மா மெலிந்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்று ஏங்கினேன் என்றே சொல்லலாம். அவர், "நான்தானே எடுக்கச் சொன்னேன்" என்றார். அதைவிட என்னை ஒரு அறை அறைந்திருக்கலாம்.

ஜெபப் புத்தகத்திலிருந்து தாளை எடுத்தார். மடிப்புகளில் நைந்திருந்தது. அவன் தட்டியது என்பதால் வைத்திருந்தேன், குப்பையானாலும் அவன் விரல் பட்டதுதானே என்றார். நான் அட்டவணையை வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகக் கூட்டி, ஒவ்வொரு வரியாக வாசித்தேன். எதிரில் உட்கார்ந்து பேச வரவில்லை, அதனால் எழுதுகிறேன் என்று தொடங்கியிருந்தான். நீங்கள் இப்போது அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருக்கிறீர்கள் என்று எழுதியிருந்தான். பள்ளிக்கூடம் விட்டு எல்லாப் பிள்ளைகளும் போன பிறகு உங்கள் சைக்கிள் மணிக்காகக் காத்து நிற்பேன், ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வலிக்காமல் ஊசி போடுவீர்கள், எனக்கு மட்டும் வலிக்கும், பாரபட்சம் என்று கேலி செய்திருந்தான். நர்சம்மா சிரித்தார். "அவன் கைய இழுப்பான், அதான் வலிச்சுது" என்று என்னிடம் சமாதானம் சொன்னார். அரைப் பக்கத்துக்குமேல் இப்படியே போயிற்று. கடைசி வரியை நான் மனசுக்குள் ஒரு முறை கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாய்விட்டு வாசித்தேன். "இந்தத் தடவை நீங்க போன்னு சொன்னப்ப நான் ஏன் வாயே திறக்கலைன்னா".

நான் நிறுத்தினேன். நர்சம்மா தலையைச் சாய்த்துக் காத்துக்கொண்டிருந்தார். நான் எழுத்துக் கூட்டுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

"அப்புறம்?" என்றார்.

அந்தத் தாளின் நகல் ஒன்று என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. அசல் அவரிடமே இருக்கிறது. இப்போது எனக்கு அட்டவணை தேவையில்லை, அதை அப்படியே படிக்க வரும். நகலிலும் கீழ் மூலைப் பிசிறு தெளிவாக விழுந்திருக்கிறது. அன்று இரண்டாம் பக்கத்தை அச்சடிக்க ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. தாள்கூடப் போட வேண்டியதில்லை. அடுத்த தாள் அதோடு ஒட்டிக்கொண்டு, பிரிண்டருக்குள் ஏறித் தயாராகத்தான் நின்றது. நான்தான் கிழித்தேன்.