இலவச கரண்டில் ஓடிய சொகுசு வண்டி

என் வீட்டுக்காரருக்கு ஓசி என்றால் உயிர். காசு கொடுத்து வாங்குகிற சாமானிலும் கூடவே சும்மா என்ன வருகிறது என்றுதான் முதலில் பார்ப்பார். அந்த மனிதர், கொச்சியில் ஒரு டாக்டர் ஓட்டி அலுத்துக் கழித்துவிட்ட பெரிய வெளிநாட்டு வண்டியை வாங்கிக்கொண்டு வந்து வீட்டு வாசலை அடைத்து நிறுத்தினார். பெட்ரோலிலும் ஓடுமாம். செல்போனுக்குப் போடுகிற மாதிரி சார்ஜ் போட்டால் கரண்டிலும் ஓடுமாம்.

"புதுசா வாங்குனா என்ன விலைன்னு தெரியுமா? நமக்குப் பாதிக்கும் கீழ குடுத்தாக," என்றார்.

"அவ்வளவு நல்ல வண்டிய பாதிக்கும் கீழ ஏன் குடுத்தாகன்னு கேட்டீகளா?"

"உனக்கு என்ன தெரியும்?"

எங்கள் வீட்டில் எந்தப் பேச்சும் இந்த இடத்தில் வந்துதான் முடியும்.

எனக்குத் தெரியாதது ஒரு மாதத்தில் ஊருக்கே தெரிந்துவிட்டது. வண்டியின் பெரிய பேட்டரி கிழடு தட்டிப்போயிருந்தது. ராத்திரி முழுக்கச் சார்ஜ் குடித்துவிட்டுக் எங்கள் கூடலூரில் கிளம்பினால் இருபது கிலோமீட்டர்கூட இல்லாத உத்தமபாளையம் தாண்டுவதற்குள் தீர்ந்துவிடும். அதற்குப்பிறகு இன்ஜின் தானாக எழுந்து பெட்ரோலில் ஓட ஆரம்பிக்கும். இன்ஜின் சத்தம் கேட்டதும் இவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே! வீட்டுக்குள் திருடன் புகுந்த மாதிரி பதறுவார். இன்ஜின் எழக்கூடாது என்பதற்காக ஏசி போட மாட்டார். சித்திரை வெயிலில், தோல் சீட்டில், பட்டுச்சேலை முதுகோடு ஒட்ட, ஜன்னலை இறக்கிவிட்டுக்கொண்டு கல்யாண வீடுகளுக்குப் போய் இறங்கியிருக்கிறோம். டவுன் பஸ்ஸில் வந்தவர்கள் எங்களைவிட மலர்ச்சியாக இருந்தார்கள்.

இன்னொரு கூத்தும் உண்டு. மலை இறங்கும்போது இந்த வண்டிக்குச் சக்கரம் சுற்றுகிற வேகத்திலேயே கொஞ்சம் கரண்ட் ஏறும் என்று எவனோ இவரிடம் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து வாரம் இரண்டு தடவை குமுளிக்கு ஏறுவார். அங்கே ஒரு வேலையும் கிடையாது. ஒரு சாயா குடித்துவிட்டு லோயர் கேம்ப்புக்கு இறங்குவார். "இறக்கத்துல எவ்வளவு ஏறியிருக்கு பாரு, எல்லாம் சும்மா!" என்று கண்ணாடித் திரையைக் காட்டுவார். ஏற்றத்தில் எரிந்த பெட்ரோலைப் பற்றி நான் கேட்டதில்லை. கேட்டால் எனக்கு என்ன தெரியும்?

பராமரிப்பு என்றால் அதைவிடக் கேவலம். தேனியில் இருக்கிற மெக்கானிக் பானெட்டைத் திறந்தார், உள்ளே ஆரஞ்சு நிறத்தில் ஓடுகிற, தொட்டால் உயிரைக் குடிக்கும் பேட்டரி வயரைப் பார்த்தார், மூடிவிட்டார். "அண்ணே, நான் பிள்ளகுட்டிக்காரன்" என்று ஒரே வார்த்தை. வயரை எலி கடித்தால்கூடக் கொச்சிக்குத்தான் போக வேண்டும். எலி கடிக்கத்தான் செய்தது. லாரியில் ஏற்றிய வண்டிக்கு முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இவர் மலை ஏறினதைப் பார்த்தவர்கள், மாப்பிள்ளை ஊர்வலம் போகிறது என்று சிரித்தார்கள். எனக்கு மானம் போனது. அவருக்கு அப்படி ஒன்று இருந்தால்தானே போவதற்கு?

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற கதை. வினை எங்கே ஆரம்பித்தது என்றால், வீட்டில் சார்ஜ் போட்டதற்கு வந்த கரண்ட் பில்லில். பில்லைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் வண்டி என் தோட்டத்தில் நின்றது.

அது என் தோட்டம். என் அப்பா எனக்கு விட்டுப்போனது. கிணறு, பந்தல் போட்ட பன்னீர் திராட்சை, ஒரு மோட்டார் ரூம். விவசாயத்துக்கு அரசாங்கம் கொடுக்கிற இலவச மின்சாரத்துக்காக அப்பா செருப்புத் தேயக் கரண்ட் ஆபீசுக்கு நடந்தார். இணைப்பு வந்த அன்றைக்கு மோட்டார் ரூமுக்கு மாலை போட்டார். அவருக்குப்பிறகு அது என் பேருக்கு மாறியது. அந்தக் கரண்டில் தண்ணீர் இறைக்கலாம், வேறு எதுவும் செய்யக்கூடாது. செய்தால் இணைப்பைப் பிடுங்கிவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் இது தெரியும்.

இந்த மகான் மோட்டார் ரூமின் பக்கச்சுவரை இடித்து, தகரம் இறக்கிக் கதவு வைத்து, வண்டியை உள்ளே விட்டு, மோட்டார் பெட்டியிலிருந்து வயர் இழுத்துச் சார்ஜ் போட்டார்.

"இது திருட்டுங்க," என்றேன்.

"யாரு வீட்டுல திருடுறேன்? நம்ம கரண்ட் சர்வீஸ், நம்ம வண்டி. சும்மா குடுக்குற கரண்ட்டு மோட்டாருக்குப் போனா என்ன, காருக்குப் போனா என்ன?"

ப்ளக்கைப் பிடுங்கி எறிந்தேன். மறுநாள் மாட்டியிருந்தார். மறுபடி பிடுங்கினேன். ரூமுக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டு, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். என் தோட்டத்து மோட்டாரைப் போட நான் அவரிடம் சாவி கேட்க வேண்டும்.

அப்போது காய் பருக்கிற நேரம். அந்தச் சமயத்தில் தண்ணீர் குறைந்தால் காய் சுண்டிப்போகும், அந்த அறுப்பு அவ்வளவுதான். மோட்டாரும் வண்டியும் ஒன்றாக ஓடினால் ஃபியூஸ் போகிறது என்று இவர் எதை நிறுத்தினார் தெரியுமா? மோட்டாரை. நான் போய்ப் பார்த்தபோது வாய்க்கால் வெடித்துக் கிடந்தது. கொத்தைத் தூக்கிப் பார்த்தால் கையில் கனமே இல்லை. "நாசமாப் போக இந்த வண்டி!" என்று வாய்விட்டுத் திட்டினேன்.

ஒளித்துச் செய்கிறவன் வாயையாவது மூடிக்கொண்டு இருப்பான். இவர் தினமும் டீக்கடையில் உட்கார்ந்து, "பெட்ரோல் பங்க் எந்தப் பக்கம் இருக்குன்னே மறந்துபோச்சுப்பா" என்று பீற்றிக்கொண்டார். யார் போட்டுக்கொடுத்தார்களோ, ஒருநாள் காலையில் கரண்ட் ஆபீஸ் இன்ஜினியரும் ஒரு லைன்மேனும் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். நான் களை எடுத்துக்கொண்டிருந்தேன். மோட்டார் ரூம் கதவு திறந்து கிடந்தது. உள்ளே வண்டி சார்ஜ் குடித்துக்கொண்டிருந்தது. இவர் ஜீப்பைப் பார்த்ததும் வரப்பில் தள்ளிப் போய், வழிப்போக்கர் மாதிரி நின்றுகொண்டார்.

லைன்மேன் முதலில் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினார். இன்ஜினியர், "யாரு வண்டி இது?" என்று கேட்டார்.

வழிப்போக்கர் அங்கேயிருந்தே குரல் கொடுத்தார். "கேரளா வண்டி சார், நம்பரப் பாருங்க. எஸ்டேட்டுக்குப் போற யாரோ நிறுத்திட்டுப் போயிட்டாக போல. எங்களுக்குச் சம்பந்தமில்ல."

வரி மிச்சம் என்று இத்தனை மாதமாகத் தமிழ்நாட்டு நம்பருக்கு மாற்றாமல் வைத்திருந்தது இப்போது கைகொடுக்கும் என்று நினைத்திருப்பார். நம்பரைச் சுட்டிக்காட்டப் பக்கத்தில் வந்தார். அந்த வண்டிக்குச் சாவி போட்டுத் திறக்க வேண்டாம். சாவி சட்டைப்பையில் இருந்தால் போதும், ஆள் கிட்டே வந்ததும் தானாகத் தெரிந்துகொள்ளும். இவர் கிட்டே வந்தார். மடங்கியிருந்த இரண்டு கண்ணாடியும் மெதுவாக விரிந்தன. விளக்குகள் எரிந்தன. கதவுப் பூட்டு 'டக்' என்று திறந்துகொண்டது.

லைன்மேன் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். இன்ஜினியர் சிரிக்கவில்லை.

"வண்டிக்கு உங்களைத் தெரியுது போலயே," என்றார்.

அந்த இடத்திலாவது ஒப்புக்கொண்டிருந்தால் நான் பாவம் பார்த்திருப்பேன். இவர் என்னைக் கை காட்டினார். "சர்வீஸ் அவ பேர்ல இருக்கு சார். அவதான் இங்கன போட்டுக்கச் சொன்னா. அவளக் கேளுங்க."



இன்ஜினியர் என்னிடம் வந்தார். "அம்மா, நீங்க சொல்லி மாட்டியிருந்தா லைனைத் துண்டிச்சிட்டுத்தான் போகணும். உங்க பேச்சை மீறி ஒருத்தர் மாட்டியிருந்தா கேசும் அபராதமும் அவர் மேல. என்ன சொல்றீங்க?"

இவர் அவருக்குப் பின்னால் நின்று எனக்குக் கண்ணைக் காட்டினார். 'பொம்பள சொன்னா விட்டுருவாக, ஒத்துக்க' என்று அர்த்தம். அந்தக் கண்ணைப் பார்த்தேன். தலைக்கு மேலே தொங்குகிற சோகைக் கொத்துகளையும் பார்த்தேன்.

"நான் சொல்லல சார். வேணாம்னு ரெண்டு தடவை பிடுங்கி எறிஞ்சேன். பூட்டுப் போட்டுச் சாவிய எடுத்துக்கிட்டாக. மாட்டுனது இவுகதான்."

இன்ஜினியர் இவரிடம் பெயர் கேட்டு எழுதிக்கொண்டார். எந்த லைனிலிருந்து வயர் இழுத்திருக்கிறார் என்று பார்த்து, அந்த வயரை அறுத்து எடுத்துக்கொண்டார். வண்டியை உடனே வெளியே எடுக்கச் சொல்லிவிட்டு, லைன்மேனிடம் தலையசைத்தார். ஃபியூஸ் கட்டை மறுபடி ஏறியது.

ஜீப் போனதும் இவர் ஆரம்பித்தார். "கட்டுன புருஷன ஊரான்கிட்டக் காட்டிக்குடுத்துட்டியேடி!"

"நீங்க என்னக் காட்டுன கைய இன்னும் கீழ இறக்கலயே," என்றேன்.

எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. இதை எழுதும்போதும் இல்லை. மோட்டாரைப் போட்டேன். குழாய் இரண்டு முறை இருமிவிட்டுத் தண்ணீரைக் கக்கியது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போனேன்.

அவர் வண்டியில் ஏறிப் பொத்தானை அமுக்கினார். காலையில் அப்போதுதான் மாட்டியிருந்ததால் சார்ஜ் ஏறியிருக்கவில்லை. மாதக்கணக்கில் தொடாமல் வைத்திருந்த பெட்ரோல் கெட்டுப்போய், இன்ஜினும் எழவில்லை. இறங்கிப் பின்னால் போய்த் தோளைக் கொடுத்துத் தள்ளினார். அசையவே இல்லை.

"ஏத்தா," என்று கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது. "வந்து ஒரு கை குடு."

எனக்குக் கேட்டது. அடுத்த பாத்திக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டேன்.