அம்புக்குறி மாறிய துணி வளையம்

காரைக்குடியில் கணித ஆராய்ச்சி மாணவியாக நான் இருந்த கடைசி வருடம் அது. நான் சொல்லப்போகும் நாளுக்கு மறுநாள் காலை, பேராசிரியர்கள் முன்னால் என் மூன்று வருட வேலையை விளக்க வேண்டியிருந்தது. அவர்கள் சம்மதித்தால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியும்.

ஒரு வடிவத்தில் எத்தனை ஓட்டை, எங்கே முறுக்கு என்று சொல்பவை கோஹோமாலஜி குரூப்புகள். எல்லோரும் வடிவத்தைப் பார்த்துத்தான் அவற்றைக் கண்டுபிடிப்பார்கள். நானோ குரூப்புகளை முதலில் எழுதிவைத்துவிட்டு, அவற்றுக்குப் பொருந்தும் வடிவத்தைக் கட்டிக்கொண்டிருந்தேன். அளவைச் சொல்லிச் சட்டை தைக்கிற மாதிரிதான்.

விளக்கும்போது கையில் காட்ட ஒரு மாதிரி இருந்தால் ஜோராக இருக்குமே என்று எனக்கு ஆசை. சாக்கோட்டையில் தையல் கடை வைத்திருந்த ஓர் அக்காவிடம் அன்று காலை நீளமான பனியன் துணியைக் கொடுத்தேன். எந்த ஓரம் எதோடு சேர வேண்டும் என்று, ஆய்வேட்டில் இருந்த படத்தைப் பார்த்தே அம்புக்குறிகள் போட்டிருந்தேன். தைத்தால் சைக்கிள் டியூப் மாதிரி வளையம் வர வேண்டும்.

சாயங்காலம் போனால், குழாயாகத் தைத்து, இரண்டு முனைகளையும் பாதி சேர்த்ததோடு நிறுத்தியிருந்தார்.

"நீங்க சொன்னபடி சேத்தா வெளிப்பக்கம் உள்பக்கத்தோட ஒட்டுது. குழாயில ஓட்டை போட்டு முனைய உள்ள விட்டாத்தான் சேரும். தப்பாக் குறிச்சிருக்கீக போல."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. இவ்வளவு படித்தவளுக்கு இவர் திருத்தம் சொல்வதா என்ற திமிர்தான், வேறென்ன. "படத்துல இருக்கபடி தைங்கக்கா, போதும்" என்றேன் விறைப்பாக.

அவர் முகம் மாறவில்லை. இரண்டு முனைகளையும் என் முன்னால் நீட்டினார். "இந்த அம்பு இங்குட்டுச் சுத்துது, அது அங்குட்டுச் சுத்துது. நீங்களே பாருங்க."

பார்த்தேன். தப்பு துணியில் இல்லை, ஆய்வேட்டின் படத்தில். அந்தப் படத்தை நம்பிக் கூட்டல் வர வேண்டிய இடத்தில் கழித்தல் போட்டு ஓர் அத்தியாயத்தையே எழுதியிருந்தேன். நான் கேட்ட குரூப்புகள் அந்த வடிவத்தில் வரவே வராது.

அங்கேயே உட்கார்ந்து என் ஆய்வு வழிகாட்டிக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். அழுகை வந்தது. அக்கா அதைப் பார்க்காதவர் போலத் தையலைப் பிரித்துக்கொண்டே, "பிரிச்சுத் தச்சா சரியாப் போகும். துணி ஒண்ணும் கெடல" என்றார்.

சமர்ப்பிப்பது ஆறு மாதம் தள்ளிப்போனது. பிரித்து எழுதினேன், சரியாக வந்தது.

இப்போது வேறு ஊரில் பாடம் நடத்துகிறேன். அந்த வளையம் என் மேசையில் இருக்கிறது. பிரித்த தையலின் ஊசித் துளைகள் இன்னும் தெரிகின்றன. கரும்பலகையில் நான் போட்ட குறி தப்பென்று சொல்ல எந்த மாணவராவது எழுந்தால், சுருக்கென்று வரும் கோபத்தை விழுங்கிக்கொண்டு, அந்த அக்காவிடம் அன்று நான் கேட்காமலேயே வந்துவிட்ட மன்னிப்பை நினைத்து, முதலில் பலகையைத் திரும்பிப் பார்க்கிறேன்.