கணக்கு வாத்தியார் இல்லாத பள்ளிக்கூடம்

நாராயணம்மா பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றது எண்பத்திரண்டாம் வருஷம். ஜவளகிரிக்கு அப்பால் காட்டோரத்துப் பள்ளிக்கூடம் அது. ரெண்டு வருஷமாகக் கணக்கு வாத்தியாரே இல்லை. தமிழ் ஐயா நோட்ஸைக் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொன்னார். இவளும் தேற்றங்களை எழுத்து மாறாமல் நெட்டுருப் போட்டாள். பரீட்சைத்தாளில் முக்கோணத்துக்கு ABC-க்குப் பதில் PQR என்று இருந்தது. அவ்வளவுதான், கை ஓடவில்லை. இருபத்தொன்பது மார்க். "மக்குக் கழுதை" என்றார் அப்பா.

அஞ்சு வருஷம் கழித்து ஓசூரில் ஒரு கம்பெனியில் வயர் மாட்டிக்கொண்டிருந்தாள். பத்தாவது தேறினால்தான் வேலை நிரந்தரம். பக்கத்து இருக்கைக்காரி சுக்ரா, கேன்டீனில் டீ ஆறுவதற்குள் கணக்கைச் சொல்லிக்கொடுத்துவிட்டாள்.

"x-னா தெரியாத எண்ணு, வேற ஒண்ணுமில்லக்கா. முக்கோணத்துல மூணு கோணமும் சேர்ந்தா நூத்தியெண்பது. இங்க அம்பது, இங்க எழுபது. மிச்சம்?"

"அறுபது."

"அதான் x."

நாராயணம்மாவுக்குச் சந்தோஷம் வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது. "இவ்வளவுதானா? இதைச் சொல்ல ரெண்டு வருஷத்துல ஒருத்தனும் வரலையாடி?"

அந்த அக்டோபரில் தனித்தேர்வு எழுதித் தேறினாள். ஆனால் தங்கை வெங்கடம்மாள் அதே பள்ளிக்கூடத்தில் பத்தாவது. கணக்கு வாத்தியார் இடம் மறுபடியும் காலி. லீவு போட்டுவிட்டு, மனு எழுதிக்கொண்டு கல்வி அலுவலகத்துக்கே போனாள்.

"அந்த ஊருக்குப் போக யாரும் ஒத்துக்க மாட்டேங்கறாங்கம்மா" என்றார் அதிகாரி. "ஆர்டர் போட்டா மறுவாரமே மாறுதல் வாங்கிடறாங்க."

"வாத்தியார் அனுப்ப முடியலைன்னா பரீட்சை மட்டும் எதுக்கு சார் வெக்கறீங்க?"

"குரலை உயர்த்தாதம்மா."

"உயர்த்துவேன். என்னை மக்குன்னு சொன்னாங்க சார். நான் மக்கு இல்ல."

மனுவில் சீல் குத்தித் தரும்வரை நாற்காலியை விட்டு எழவில்லை. அடுத்தடுத்து நாலு முறை போனாள். கம்பெனியில் சம்பளம் பிடித்தார்கள். பிப்ரவரியில் ஒரு வாத்தியார் வந்தார். மார்ச்சில் பரீட்சை.

பத்தொன்பது பேர் எழுதினார்கள், ஏழு பேர் தேறினார்கள். வெங்கடம்மாளுக்கு முப்பத்தெட்டு. அம்மா தெருவுக்கே சர்க்கரை கொடுத்தாள். நாராயணம்மா கை நீட்டவில்லை.

"தங்கச்சி பாஸாயிட்டாளே, இன்னும் என்னடி கோபம்?"

"மிச்சம் பன்னெண்டு பேரையும் வீட்டுல என்ன சொல்லித் திட்டறாங்களோ, போய்க் கேளும்மா" என்றாள்.